என் மனைவியின் மலையாளமும் என் அவசர வைத்தியமும்

என்னிடம் ஒரு பஸ் கதை இருந்தது. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் மாதம், என் மனைவி பஸ் கண்டக்டரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லப்போக, பஸ்ஸே சிரித்த கதை. அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் இதே ஊரில், ஆரியசாலையில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன். அந்த மிதப்பில் இருபத்திரண்டு வருஷம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அந்த பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு போலீஸ்காரரும் ஓர் ஆட்டுக்குட்டியும்கூட டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டார்கள்.

போன ஓணத்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பதி பாயசம் சாப்பிட வந்திருந்தார்கள். "சாரே, ஆ பஸ் கத ஒன்னுகூடி பறயூ" என்றார் அவர். இன்னொரு முறை சொல் என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அன்று ஆட்டுக்குட்டியைக் கத்தவும் வைத்தேன்.

அவர்கள் போனபிறகு, டம்ளர் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் என் மனைவி சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்த ஊர்ல வாயே திறக்காமப் போயிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பேன். இன்னும் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்பது இப்போது புரிகிறது. அப்போது நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆன்லைனில் மலையாளப் பேச்சு வகுப்பு, வாரம் மூன்று நாள், பொறுமைசாலியான ஆசிரியை என்று உத்தரவாதம். டம்ளர்கள் காய்வதற்குள் அவள் பெயரைப் பதிவு செய்துவிட்டு, கோட்டையைப் பிடித்தவன் மாதிரி அடுக்களைக்குள் நுழைந்து அறிவித்தேன்.

"எனக்கு மலையாளம் வரலைன்னா சொன்னேன்?"

"பின்னே?"

"நீங்க சிரிக்குததைச் சொன்னேன்."

நோய் எனக்கு. மருந்தை அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, வைத்தியத்தை மாற்றினேன். இனிமேல் வாழ்க்கையில் ஜோக்கே கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாலை பஜார் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் மூன்று பேர் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்கள். நான்காவதாக வந்த சித்தப்பா, "என்னடே, பேச்சு மூச்சைக் காணோம்?" என்றதும் வாய் என்னை மீறிவிட்டது. "வீட்ல தடை உத்தரவு சித்தப்பா. வாயைத் திறந்தா சோறு கிடையாது."

பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர்வரிசையில் அவளும் இலையைப் பார்த்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். அது உதட்டைத் தாண்டி மேலே ஏறுவதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மூன்றாவது வைத்தியத்தைத் தொடங்கினேன். "பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நானே போயி, கதையெல்லாம் சும்மா கட்டிவிட்டதுன்னு..."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? எதையாவது சரிபண்ணாம உங்களால இருக்க முடியாதா? சொல்லுததை முழுசாக் கேளுங்க முதல்ல."

ஆட்டோ சாலை நெரிசலில் மாட்டி நின்றது. இறங்கி ஓடவும் வழியில்லை. அவள் சொன்னாள்.

"நம்ம பிள்ளை மூணாங்கிளாஸ் படிக்கும்போது, எப்பவும் கடைசி பெஞ்சுலயே உக்கார வைக்காங்கன்னு அழுதா. டீச்சர்ட்ட சொல்லணும்னு போனேன். ஸ்கூல் கேட் வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். டீச்சர் 'எந்தா?'ன்னாங்க. எனக்கு நீங்க கதை சொல்லுத குரல் காதுல கேட்டுது. ஒண்ணுமில்லன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்த வருஷம் பூரா அவ பின்னாலதான் இருந்தா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போயி..."

"பாத்தீங்களா?"

எங்கள் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இடம் மாற்றி உட்கார வைக்க எந்தப் பெஞ்சும் இல்லை. பதிவு செய்ய வகுப்பில்லை, போய்ச் சண்டை போட டீச்சர் இல்லை. கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வலித்தது. இதற்குப் பயந்துதான் அவ்வளவு ஓட்டம் ஓடியிருக்கிறேன் போல. ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமே. மூன்று வைத்தியத்திலும் நான் துடைத்துப் பளபளப்பாக்கப் பார்த்தது என் பெயரைத்தான்.

அவள் மேலும் சொன்னாள். மீன்காரியிடம் விரலை நீட்டியே வாங்குவது, போன் மணி அடித்தால் என்னிடம் நீட்டிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு யோசனை வந்து தொண்டையில் நின்றது. விழுங்கினேன். சாலை நெரிசல் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று நான் நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

போன மாதம் எங்கள் தெரு ரெசிடென்ஸ் அசோசியேஷன் கூட்டம், செக்ரட்டரி வீட்டுக் கார் ஷெட்டில். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டதும், என் பக்கத்து நாற்காலி காலியானது. எழுந்து நின்றது என் மனைவி. எங்கள் வீட்டு முன்னால் சாக்கடையை மூடிய ஸ்லாப் உடைந்து கிடப்பதைப் பற்றி மலையாளத்தில் பேசத் தொடங்கினாள். பாதியில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றாள்.

அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சற்றுத் தேடினாள். கிடைக்கவில்லை என்றதும் அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு மேலே போனாள். செக்ரட்டரி குனிந்து எழுதிக்கொண்டார். "சேச்சி பறஞ்ஞது சரியா" என்றார், அக்கா சொன்னது சரிதான் என்று.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள், "எப்படி இருந்துது?"

என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல ஜோக்.

"எனக்குப் பயமா இருந்துது" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். பிறகு உடைந்த ஸ்லாப் அருகே நின்று, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கையை நீட்டினாள்.