இரண்டு பேர் கொடுத்த குளிசை

என் மச்சாளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இவருடைய, அதாவது என் கணவருடைய, மூத்த அக்கா அவர். கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் பெரிய வீடு. கொழும்புக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு பை நிறையக் குளிசை கொண்டுவந்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் பங்கு வைப்பார். அங்கே பாமசியில் குளிசையை எண்ணிச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் எழுதிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் கிறுக்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதெல்லாம் மச்சாளுக்கு ஒரு பொருட்டில்லை. தும்மலுக்கு மஞ்சள், வயிற்றுக்கு வெள்ளை என்று நிறத்தை வைத்தே வைத்தியம் பார்ப்பார்.

இவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். செப்டம்பர் வந்தால் ரோட்டோரக் களைச்செடி பூத்து, அந்த மகரந்தம் ஒவ்வாமல் இவருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கிவிடும். போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோர்செட் பார்க் பகுதியில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்த மச்சாள், இவருடைய மூக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பியை ஒருத்தரும் கவனிக்கிறேல்லைப் போல கிடக்கு” என்றார். கைப்பையைத் திறந்து மஞ்சள் குளிசை உறையை எடுத்து, என் கண் முன்னாலேயே இவர் கையில் வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் லிஃப்டில் இறங்கியதும் உறையைக் குப்பையில் போடச் சொன்னேன். “ஓமப்பா, போட்டிட்டன்” என்றார் இவர். அடுத்த நாள் நானே கடைக்குப் போய் ஒவ்வாமைக் குளிசை ஒரு பெட்டி வாங்கிவந்தேன். பிங்க் நிறம். கனடாக் குளிசை, ஒழுங்கான பெட்டி. உறையில் வந்த சாமானோடு இதை ஒப்பிட முடியுமா? ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு என்று பெட்டியில் இருந்தது. நித்திரை வரும், வாகனம் ஓட்ட வேண்டாம் என்றும் இருந்தது. அதை வாசிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாசித்தேன். ஒரு குளிசைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காலைச் சாப்பாட்டோடு ஒன்று வைத்தேன். ஒழுக்கு நின்றது. மச்சாளை வென்றுவிட்டேன் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பத் தும்மினார், இரண்டாக்கினேன்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாயத் தொடங்கினார். வாய் காய்கிறது என்று தண்ணீரைக் குடித்தபடியே இருந்தார். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் மச்சாள் ஃபோன் எடுப்பதும், இவர் பல்கனிக்குப் போய் “ஓமக்கா, ஓமக்கா” என்று சொல்லிவிட்டு வருவதும் நடந்தது. அக்காவும் தம்பியும் என்ன கதைத்தால் எனக்கென்ன என்று வீம்புக்கு நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனோம். மார்க்கம் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். எங்கள் கார் மெல்ல உருண்டது. திரும்பிப் பார்த்தால் இவருடைய தலை சாய்ந்து நாடி நெஞ்சில் கிடக்கிறது. நான் கத்துவதற்குள் முன்னால் நின்ற வான் வண்டியில் முட்டிவிட்டோம். பெரிதாக ஒன்றும் இல்லை, பம்பரில் ஒரு கீறல். வான்காரருக்குக் காட்ட லைசென்ஸை எடுக்கிறேன் என்று இவர் சட்டைப் பையில் கைவிட்டபோது, லைசென்ஸோடு மச்சாளின் காகித உறையும் ரோட்டில் விழுந்தது.

அதற்குப் பிறகு காரை நான்தான் ஓட்டினேன். மச்சாள் வீட்டு வாசலில் வைத்தே உறையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இவரைக் கொல்லப் பாக்கிறியளோ, மச்சாள்?”

“நான் முப்பது வருசமாப் போடுற குளிசை. என்ர தம்பிக்கு என்ன செய்யிறதெண்டு நீர் எனக்குச் சொல்லித் தராதையும்.”

“அப்ப வாங்கோ, பாமசியிலை கேப்பம்.”

வந்தார். அவருக்கும் நான் தோற்பதைப் பார்க்க ஆசைதான். பக்கத்துக் கடைத்தொகுதியில் உள்ள பாமசியில் இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை மருந்து கொடுக்க நின்றது. “அங்கிள், டெய்லி என்ன மெடிசின் எடுக்கிறீங்கள்?” என்று கேட்டது.

“ஒரு மருந்தும் இல்லைப் பிள்ளை” என்றார் இவர். மருந்து என்றால் டொக்டர் எழுதித் தருவது. சொந்தக்காரர் தருவது எங்களுக்குக் கணக்கில் இல்லை. நான் உறையை மேசையில் போட்டு, “இதை இவ குடுக்கிறவ” என்றேன். அந்தச் சொல் அவ்வளவு இனித்தது.

பிள்ளை குளிசையைத் திருப்பி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தேடியது. “ஓகே, வேற?”

இவர் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பேசாமல் நின்றார். மச்சாளும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை காலை இந்த மனுஷன் நாற்பது பிள்ளைகளை ஏற்றப் போகிறார் என்ற நினைப்புத்தான் என் கைப்பையைத் திறக்க வைத்தது. பிங்க் குளிசை அட்டையை உறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிள்ளையின் முகம் மாறியது. “அன்ரி, ரெண்டும் சேம் டைப். தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே அடல்ட் டோஸ்தான். சேத்து எடுக்கிறதுதான் டேஞ்சர். ஒருநாளைக்கு இவ்வளவுதான் எண்டு லிமிட் இருக்கு. ஒரு தரம் எடுத்தா அடுத்ததுக்கு நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் பொறுக்க வேணும். டிரைவ் பண்ணுறவர் ரெண்டிலை ஒண்டையும் வேலைக்கு முன்னம் தொடக்கூடாது. இரவிலை போட்டாலும் காலைமை தூக்கம் இருக்கும். நித்திரை கொண்டுவராத வேறை டைப் இருக்கு, டொக்டரிட்டைக் கேட்டிட்டு அதை மட்டும் எடுங்கோ.”

மச்சாளின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்த இடத்திலேயே அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. கோபத்தை இவர் மேல் திருப்பினேன். “ரெண்டையும் ஏன் போட்டனீங்கள்? உங்களுக்கு வாயில்லையோ?”

“ஆரின்ரையை வேண்டாமெண்டு சொன்னாலும் வீட்டிலை சண்டை” என்றார். “விழுங்கிறது லேசாக் கிடந்தது.”

“பஸ்ஸிலையும் இப்பிடித் தூங்கினியளோ?” என்று கேட்டேன்.

இவர் குனிந்து குளிசைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “வியாழக்கிழமை ஒருக்கா” என்றார்.

அப்போது பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தார்களா என்று மச்சாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.