டியூப்பின் வாயில் ஒரு கட்டை விரல்

அந்த டியூப்புக்கென்று ஒரு வாசனை இருந்தது. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கும், உள்ளே இரண்டு நாளாய்த் தேங்கிய தண்ணீரும், வெளியே ஒட்டிக் காய்ந்த சிமெண்டும் கலந்த வாசனை. இப்போதும் ஹார்டுவேர் கடையில் டியூப் சுருள்களுக்குப் பக்கத்தில் நின்றால் அது வந்துவிடும். வந்ததும் என் வலது கட்டை விரல் தானாக மடங்கிக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனைகள் முளைத்துக்கொண்டிருந்த வேங்கிக்காலில், அப்பா தன் சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார். கட்டியவர் ஏழுமலை மேஸ்திரி. சுவருக்குச் சுவர் மட்டம் பார்க்க அவரிடம் இருந்தது உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு நீள டியூப். "டியூப் மட்டம்" என்பார்கள். ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அடுத்த அறைச் சுவரிலும் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே குறி போட்டு, அதை வைத்துத் தரை போடுவார்கள். "தண்ணி பொய் சொல்லாது சார்" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்வார் மேஸ்திரி. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தூக்கிக்கொண்டு நடக்கும்போது சிந்தாமலிருக்க டியூப்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொள்ளலாம். குறி போடும்போது விரலை எடுத்துவிட வேண்டும். ஒரு வாய் அடைபட்டிருந்தாலும் வெளிக்காற்று அந்தப் பக்கம் அழுத்த முடியாமல், தண்ணீர் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் நின்றுவிடும்.

மறுமுனையை எப்போதும் பிடிப்பவர் அடி அண்ணாமலையிலிருந்து வரும் சித்தாள் அஞ்சலை. பௌர்ணமியன்று மட்டும் அவர் வேலைக்கு வரமாட்டார், கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போடுவார். தரை போடும் நாள் அப்படியொரு பௌர்ணமியாக அமைந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்பாவின் சைக்கிளில் வந்து இறங்கியவள், "நான் பிடிக்கிறேன்" என்று முந்திக்கொண்டு போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மேஸ்திரி ஹாலில் நின்றார். நான் சமையலறைச் சுவரோரம், அவர் கண்ணுக்கு மறைவாக. விரலைக் கொஞ்சம் தூக்கியதுமே தண்ணீர் துள்ளி வெள்ளைச் சட்டையில் சிமெண்டுக் கறையோடு வழிந்தது. இன்னும் நனைந்தால் வகுப்பில் சிரிப்பார்களே என்று பயந்து வாயை மறுபடி இறுக்கி அடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"விரல எடுத்துட்டியா பாப்பா?"

"எடுத்துட்டேன்."

குழைத்த கலவை இறுகிக்கொண்டிருந்த அவசரத்தில் அவர் மறுபடி சரிபார்க்கவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவியபோது, சமையலறைப் பின்கட்டு ஓட்டையைப் பார்த்துப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி, ஹாலைத் தாண்டி வாசலுக்கு வந்தது. அப்பா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மேஸ்திரி டியூப்பை எடுத்துவந்து அஞ்சலையோடு மட்டம் பார்த்தார். சமையலறைப் பக்கம் இரண்டு விரற்கடை ஜாஸ்தி. என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு விரல எடுத்துட்டுதானே பாப்பா குறி போட்ட?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துட்டேன்" என்றேன், இரண்டாவது முறையாக.

"குழந்தை மேல பழியப் போடுறியா?" என்று அப்பா பாய்ந்தார். மேஸ்திரி என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

"நான்தான் சரியா பாக்கல சார்" என்றார்.

தரையை இடித்துப் போட நாளில்லை, காசுமில்லை. தெருவில் அவருக்குப் பேசிவைத்திருந்த இரண்டு வீடுகளும் வேறு ஆளுக்குப் போயின. வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "ஏழுமலைய மட்டும் கூப்பிடாதீங்க, மட்டம் பாக்கத் தெரியாத ஆளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தண்ணீரைத் துடைப்பத்தால் மேட்டில் ஏற்றித் தள்ளும்போதெல்லாம் அவரைத்தான் திட்டினாள். நான் காதில் விழாதவள்போல் புத்தகத்தைப் புரட்டுவேன். மூன்று வருடம் கழித்து அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இங்கே வேலை கம்மி என்று பெங்களூர் பஸ்ஸுக்குப் பையோடு நின்றிருந்தார். "நல்லா படிக்கிறியா பாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சொல்லியிருக்கலாம், பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் கீழ்பென்னாத்தூர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருடா வருடம் இரண்டு பிள்ளைகளிடம் டியூப்பைக் கொடுத்து, காற்றழுத்தம், திரவ மட்டம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். விரலை எடு, எடு என்று நான் கத்துவது பிள்ளைகளுக்குச் சிரிப்பு. இந்தக் கதையை மட்டும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

போன வருடம் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். இப்போது டியூப்பெல்லாம் கிடையாது. சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்தால் நான்கு சுவரிலும் சிவப்புக் கோடு விழுகிறது, மறுமுனையைப் பிடிக்க ஆளே வேண்டாம். டைல்ஸ் போட வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை தூக்கிக்கினு இருக்கே, யாருங்க போட்ட தரை?" என்றார். நாற்காலியில் இருந்த அப்பா, மாத்திரை போட்டோமா என்பதைக்கூட மறந்துவிடுகிறவர், யோசிக்காமல் சொன்னார்: "ஏழுமலைன்னு ஒருத்தன்."

"இல்லப்பா, நான்தான்" என்றேன். விரலை எடுக்காததையும், இரண்டு முறை பொய் சொன்னதையும் சொல்லி முடித்தேன்.

சாயங்காலத்துக்குள் பழைய தரை மறைந்து, ஹாலும் சமையலறையும் ஒரே மட்டமாகிவிட்டன. விளக்கேற்றும் நேரத்தில்தான் அப்பா கேட்டார்.

"அந்த மேஸ்திரி இப்ப எங்கம்மா இருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை.