கரை வந்து சேர்ந்த நீர்மூழ்கி

போகாத ஊருக்கு வழி சொல்வதுதான் மொழிபெயர்ப்பாளனின் பிழைப்பு. பேனா பிடித்து நொந்துபோன நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ரங்கூனில், கியாக்டடா பகுதியில் இருந்த ஒரு பர்மிய மாத இதழுக்கு ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீச்சல்கூடத் தெரியாத நான் அப்போது எழுதியது ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கதை.

ஆசிரியரின் நிபந்தனை

நடைபாதைக் கடையில் அந்தப் பழைய புத்தகம் கிடைத்தது. ஏவுகணை தாங்கிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிகளில் ஒன்று, கட்டியது முதல் ஓய்வு பெற்றது வரை அதன் வரலாறு. பன்னிரண்டு மாதத் தொடராக எழுத ஆசைப்பட்டேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் பெயரில்லாத துணுக்குகள். என் பெயர் போட்டு வரப்போகும் முதல் தொடர் இதுதான்.

ஆசிரியர் ஊ தான் மௌங் வெற்றிலையை மென்றபடி, கடைசியில் கப்பலுக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, பத்திரமாகத் திரும்பிவிடும் என்றேன். அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

"மூணு மாசம் பார்ப்பேன். வாசகர் கடிதம் வரலைன்னா நாலாவது மாசம் கப்பலை மூழ்கடிச்சு முடிச்சிடு."

போகாத கரண்ட்

உள்ளே அணு உலை இருப்பதால் மாதக்கணக்கில் விளக்கு அணையாது என்று இரண்டாவது பகுதியில் எழுதினேன். பிழை திருத்தும் மா கின், ஏவுகணையையும் அணு உலையையும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டவள், இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அன்றும் அலுவலகத்தில் கரண்ட் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பர்மிய மரியாதைப்படி என் பெயருக்கு முன்னால் ஒரு 'கோ' சேர்த்துச் சொன்னாள்:

"இதை யாரும் நம்பமாட்டாங்க கோ காசிம், ஒரு தடவையாவது கரண்ட் போச்சுன்னு எழுதுங்க."

தாகேதா அக்கா

மூன்று பகுதிகள் வந்தும் ஒரு கடிதம் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் ரங்கூனின் ஓரத்திலிருக்கும் தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து செல்வி அக்கா என்னைத் தேடி வந்தார். கணவர் சரக்குக் கப்பலில் வேலை. நீர்மூழ்கியில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து நாலு வரிச் செய்தி போகும், ஆனால் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பதால் அவர்கள் பதில் அனுப்பக்கூடாது என்று நான் எழுதியிருந்ததை, அவர்கள் சந்தில் கடலோடிகளின் மனைவிமார் கூடி உட்கார்ந்து படித்தார்களாம். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று கேட்டார். மனசு பொறுக்காமல் ஆசிரியரின் திட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு கட்டுக் கடிதத்தோடு திரும்பி வந்து ஆசிரியர் மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: கப்பலை மூழ்கடிக்காதீர்கள். ஊ தான் மௌங் கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொடர் ஓடட்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவை வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

"பதில் போடாம இருக்க இப்படி ஒரு சாக்கு இருக்குன்னு மட்டும் எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிடாதீங்க, பாய்."

ஜெயித்த நாள்

பன்னிரண்டு பகுதிகளும் வந்தன. இரண்டு குழுக்கள் மாறி மாறி ஓட்டிய கப்பல், வயதானதும் ஏவுகணைகளை இறக்கிவைத்துவிட்டு ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றது. கடைசி இதழ் சூலே பஸ் நிறுத்தத்தில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. என் பெயர் போட்ட இதழில் எனக்கே ஒரு பிரதி கிடைக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். டீக்கடையில் ஆசிரியர் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"நான் அப்பவே சொன்னேன், இந்தக் கப்பல் மூழ்காதுன்னு."

சரித்திரத்தை எழுத ஒரு பேனா போதும் நண்பர்களே, அதைக் கரைசேர்க்கத்தான் தாகேதாவில் ஆள் வேண்டியிருக்கிறது.