இருபத்து நான்கு முறை பார்த்தால் போதும்

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பது என்றால் லேப் பிரோகிராம்களை நெட்டுருப் போடுவது. சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம், அதற்கும் உழைப்பு வேண்டும். பன்னிரண்டு பிரோகிராம். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எங்கள் ரெக்கார்டில் எழுதுவோம். அவர் தன் சீனியருடையதைப் பார்த்து எழுதியிருப்பார். கொடுக்கிற எண்களும் வருகிற விடையும்கூட வருஷா வருஷம் அதேதான். பரீட்சையன்று மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். வந்ததை டைப் அடித்து, அதே எண்களைக் கொடுத்து, அதே விடையைக் காட்டினால் பாஸ்.

நான் போன முறை நடுவில் ஒரே ஒரு வரியை மறந்தேன். மனப்பாடத்தில் ஒரு வரி போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். பெயில். அடுத்த மாதம் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனி, அரியர் வைத்திருப்பவர்களை உள்ளேயே விடாது. ஆம்பூரில் ஷூ பேக்டரியில் மேல்தோல் தைக்கும் அம்மா, சூப்பர்வைசரிடம் எனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டாள்.

"இந்த தடவையும் சொதப்பிட்டு வந்தினா, திங்கக்கிழமையிலேர்ந்து என்கூட வந்துடு."

கோபத்தில் சொல்லவில்லை. எதையும் தொங்கலில் விட அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தையல் வேலையைக் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் பெயிலானவள் என்று அந்த கேட்டுக்குள் நுழைவதை நினைத்தாலே அழுகை வந்தது. தினமும் வேலூர் பஸ்ஸில், பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் மூன்று பிரோகிராம்களை ஒப்பித்துவிடுவேன். அர்த்தம் தெரியாமல் சுலோகம் சொல்கிறவர்களைக் கிண்டல் செய்தவளும் நான்தான்.

இந்த முறை பரீட்சையில் எனக்குச் சீட்டில் பைனரி சர்ச் வந்தது. கொடுத்த எண்களில் ஒன்றைத் தேடி, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் பிரோகிராம். எனக்குத் தண்ணி பட்ட பாடு. மடமடவென்று அடித்து, ரெக்கார்டில் உள்ளபடி பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று கொடுத்தேன். நாற்பதைத் தேடச் சொன்னேன். நாலாவது இடம் என்றது.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் மேடம் திரையைப் பார்த்து அலுத்துக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை நாற்பதைப் பார்த்தாரோ.

"வேற நம்பர் குடும்மா. எழுபத்து மூணு, பன்னெண்டு, ஐம்பத்தெட்டு, அஞ்சு, நாப்பத்தொண்ணு. பன்னெண்ட தேடு."

கொடுத்தேன். இல்லை என்றது. இரண்டாவது எண்ணே பன்னிரண்டுதான், கண்ணெதிரில் இருக்கிறது.

"சிஸ்டம் சரியில்ல மேடம். வேற சிஸ்டம் மாறிக்கவா?"

"பிரோகிராம் எதெதப் பாத்துச்சுன்னு பேப்பர்ல எழுது. பத்து நிமிஷம்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கண்ணில் ஆடியது. ஒவ்வொரு வரியாக நானே கம்ப்யூட்டராகி நடந்து பார்த்தேன். முதல் இடத்தின் நம்பரையும் கடைசி இடத்தின் நம்பரையும் கூட்டி இரண்டால் வகு என்கிற வரியை ஆயிரம் முறை ஒப்பித்திருப்பேன். அது நடுவைக் காட்டுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு அதைவிடச் சின்னது, இடது பக்கம் போ. அங்கே எழுபத்து மூன்று. இன்னும் இடது பக்கம் போ. அங்கே ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லிவிட்டது. பன்னிரண்டை அது திரும்பியே பார்க்கவில்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. ஐந்தே ஐந்து எண், முழுசாகப் பார்க்க என்ன நோகிறது? பிறகு உறைத்தது. எண்கள் சின்னதிலிருந்து பெரிசாக வரிசையில் நிற்கும் என்று அது நம்பியிருக்கிறது. நான் வரிசை கலைந்த எண்களைக் கொடுத்துவிட்டு அதைக் குறை சொல்கிறேன். வரிசையில் இருந்தால் ஒருமுறை பார்த்ததுமே பாதியை ஒதுக்கிவிடலாம். அடுத்த முறை, மிச்சத்தில் பாதி.

அப்படியானால் எத்தனை எண்ணுக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்? யாரும் கேட்காத கேள்வி. ஒரு முறை கூடப் பார்த்தால் இருமடங்கு எண்களில் தேடலாம் என்று, பேப்பரின் மூலையில் ஒன்று, இரண்டு, நாலு என இரட்டித்துக்கொண்டே போனேன். பத்து முறையில் ஆயிரத்தைத் தாண்டியது. இருபதில் பத்து லட்சத்தைத் தாண்டியது. இருபத்து நாலில் ஒரு கோடியையும் தாண்டிவிட்டது. தப்பு என்று நினைத்து முதலிலிருந்து போட்டேன். அதேதான் வந்தது. ஒரு கோடிப் பேரை வரிசையில் நிற்க வைத்து, அதில் ஒருவரை இருபத்து நாலே முறை பார்த்துப் பிடித்துவிடலாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு வருஷமாக என் வாயிலேயே கிடந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் முணுமுணுத்திருக்கிறேன். கூட்டு, இரண்டால் வகு. அவ்வளவுதான் அந்த வரி. அழகாக இருந்தது. கணக்கையும் அழகு என்று சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மேடம் வந்து பேப்பரை எடுத்தார்.

"மூலையில இன்னா கணக்கு? நான் கேக்கலியே."

"எனக்காகப் போட்டேன் மேடம்."

"வரிசையில இல்லன்னா?"

"ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்."

எதையோ குறித்துக்கொண்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போனார். மார்க் என்ன என்று எட்டிப் பார்க்க மறந்துபோனேன்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அம்மா போனை எடுப்பாள். கல்லூரி வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"அம்மா, ஒரு கோடி பேர்ல ஒருத்தர கண்டுபுடிக்க இருபத்து நாலு தடவ பாத்தா போதும்மா. வரிசையா மட்டும் நின்னா போதும்."

"பாஸா, பெயிலா? அதச் சொல்லு."

"தெரில. கேக்கல."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தாமல் பேசினேன், ஐம்பத்தெட்டு, எழுபத்து மூன்று, பார்க்காமல் விட்ட பன்னிரண்டு என்று எல்லாவற்றையும். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"சரி," என்றாள். "சூப்பர்வைசர்கிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்."