டோக்கன் மாட்டியாச்சு என்று நான் சொன்னது

1. அதே கோர்ட்தான்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து தினமும் ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போய் ஸ்டெனோ வேலை பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருஷம், கப்பல் வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வக்கீலிடம். ஷார்ட்ஹேண்டில் கை ஓடும்; சட்டத்தில் எனக்கு வாய் மட்டும்தான் ஓடும். அந்த வாய் செய்த வேலையை எழுதுகிறேன்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள் கஸ்தூரி. அவள் மகன் வினோத் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒரு நாட்டின் கடற்படை அந்தக் கப்பலை மடக்கி, ஆட்களை ஜெயிலில் போட்டது. கப்பலில் பறந்தது வேறொரு நாட்டின் கொடி. அந்தக் கொடிக்கார நாடு சர்வதேச நீதிமன்றம் ஒன்றுக்குப் போனது. கப்பல் முதலாளி தரப்பில் எங்கள் ஆபீஸ் பேப்பர் தயார் செய்தது.

பிடித்த நாட்டின் முதல் பதிலே, இதை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்பதுதான். தூக்கிவாரிப் போட்டது. அதிகாரம் உண்டா இல்லையா என்று யார் முடிவு செய்வார்கள் என்று மேடத்திடம் கேட்டேன்.

"அதே கோர்ட்தான். வேற யாரு இருக்கா?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ரேஷன் கடையில் எடை போடுகிறவன்கூடத் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மாட்டான். இத்தனை பெரிய நீதிபதிகள், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தாங்களே எழுதுவார்களா? பாதி ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

2. டோக்கன்

மைன்ஸ் ஓடிய காலத்தில், ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுமுன், சுரங்க ஷாஃப்ட் வாசலில் அவரவர் நம்பர் போட்ட டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அது பலகையில் தொங்கும். ஷிஃப்ட் முடிந்தும் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேடிக்கொண்டு இறங்குவார்கள். என் அப்பாவும் கஸ்தூரியின் அப்பாவும் அந்தப் பலகையை நம்பி இறங்கியவர்கள்தான்.

வழக்குக்கு நம்பர் கிடைத்ததும் அவள் வீட்டுக்குப் போனேன்.

"டோக்கன் மாட்டியாச்சு கஸ்தூரி. இனிமே தேடாம வுடமாட்டாங்க."

முதலில் அதிகாரக் கேள்வி, அதைத் தாண்டினால்தான் வழக்கு என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நான் விழுங்கிவிட்டேன். கப்பலில் இருந்த மற்றவர்களின் குடும்பங்கள் நம் சர்க்காரிடம் மனு கொடுக்க டில்லிக்குப் போனபோது அவளையும் கூப்பிட்டார்கள். போக வேண்டாம், கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று தடுத்ததும் நான்தான்.

3. தீர்ப்பு

இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கோர்ட் பார்த்தது ஒன்றே ஒன்றை: இந்த மாதிரித் தகராறை இங்கே கொண்டுவர இரண்டு நாடுகளும் சம்மதித்திருக்கின்றனவா? பிடித்த நாடு, ராணுவ நடவடிக்கை பற்றிய வழக்குகளுக்கு நாங்கள் வரமாட்டோம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தது. கப்பலைப் பிடித்தது ராணுவ நடவடிக்கைதான் என்றார்கள் நீதிபதிகள். ஆகவே எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

 தீர்ப்பு முழுவதும் புரட்டினேன். வினோத் பெயர் பின்னிணைப்பில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது.

"சம்மதிக்காதவங்களையும் இழுத்து வெச்சு விசாரிச்சா, நாளைக்கு எந்த நாடும் கையெழுத்தே போடாது," என்றார் மேடம். நியாயம்தான். ஆனால் கஸ்தூரியிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

அன்று சாயங்காலம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என் புள்ள தப்பு பண்ணான்னு சொல்ட்டாங்களாண்ணா?"

இல்லை என்றேன்.

"பண்லன்னு?"

அதுவும் இல்லை என்றேன். 

"டோக்கன் மாட்டியாச்சுன்னியேண்ணா. அப்போ யாருமே கீழ எறங்கலியா?"

 

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்பர் கிடைத்தது என்றால் கோர்ட் வாசலில் நிற்கிறோம் என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வேறு கதவைத் தட்டப் போகிறவர்களைத் தடுக்கவே தடுக்காதீர்கள்.

டில்லிக்குப் போன குடும்பங்களில் மூன்று பேருடைய பிள்ளைகள், நம் சர்க்கார் பேசியதில், தீர்ப்புக்கு முன்பே பிடித்த நாடு கொடுத்த பொது மன்னிப்பில் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். தீர்ப்புக்குப் பிறகு கஸ்தூரியை நானே டில்லிக்கு அழைத்துப் போய் மனு கொடுத்தேன். வினோத் இன்னும் வரவில்லை.