மச்சானின் டப்பா, என் கோஸ்

பூந்தமல்லியில் இருக்கிற என் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் படுக்கப் போட்ட ஒரு பழைய சைக்கிள் சக்கரம், அதன் மேல் உடம்பெல்லாம் துளை போட்ட எவர்சில்வர் டப்பா, பக்கத்தில் கையால் சுற்றுவதற்கு ஒரு பெடல். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் மிஷினா, துணி பிழிகிற மிஷினா என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அது என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால், அந்தப் பெட்டி நிற்கிற தரையை யார் போட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எச்சில் தட்டு எடுத்து ஆரம்பித்தவன். அப்படி இருந்தவன் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனையே எடுத்து நடத்தினேன். மண்ணூர்பேட்டையில் வாடகை இடத்தில் மெஸ் போட்டேன். பிறகு அந்த இடத்தையே வாங்கினேன். ஆவடியில் மாடி வீடு கட்டினேன். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடம், இங்கே வீடு நிற்காது என்று படித்த இன்ஜினீயர் சொன்னார். வீடு இன்றைக்கும் நிற்கிறது, அவர்தான் ஊர் மாறிப் போய்விட்டார். இந்த மண்டபத்தைக் கட்டினேன். பாத்திரமும் பந்தி மேசையும் போட்டு வைக்கக் குத்தம்பாக்கத்தில் ஒரு கிடங்கு வாங்கியபோது, காட்டைப் போய் வாங்குகிறான் பார் என்று சிரித்தார்கள். இப்போது பக்கத்திலேயே பஸ் நிலையம் வந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த கை கட்டியது இவ்வளவும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள். எதையும் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். இத்தனைக்கும் முதல் கல் எது தெரியுமா? முட்டைக்கோஸ்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. எண்பதுகளில் அந்தத் தொழிற்சாலையில் டர்னர் வேலை, நாள் முழுக்க இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத் மிஷின் முன்னால் நிற்பான். அவனுக்கு எல்லாமே காதுதான். பக்கத்து மிஷினின் சத்தம் லேசாக மாறினால் போதும், உளி மழுங்கிவிட்டது என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்வான். வீட்டில் அப்பளம் பொரித்தால் வாயில் போடுவதற்கு முன் காதருகே வைத்து உடைத்துப் பார்ப்பான். "சாப்பாட்ட காதால துன்னணும் மாமே, நாக்கு அப்பாலதான்" என்பான். கேன்டீனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய், எங்க மாமா நல்லா சமைப்பாரு சார் என்று சொன்னது அவன்தான். அதை வைத்துக்கொண்டு, கேன்டீனை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று இன்று வரைக்கும் சொல்லித் திரிகிறான். அவன் கேட்டைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். உள்ளே போய்ச் சோறு பொங்கியது நான்.

நான் அங்கே அடுப்பு மூட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேனேஜர் சார் எங்கேயோ வெளியூர் போய்விட்டு வந்தவர், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உழைக்கிறவங்க தட்டுல பச்சைக் காய் ஒண்ணு இருக்கணும். முட்டைக்கோஸ் சாலட் போடுங்க. வேக வெக்கக் கூடாது. கடிச்சா சத்தம் வரணும். மேல ஊத்தறது லேசா இருக்கணும், வாயில எண்ணெய் ஒட்டக் கூடாது" என்றார். சாலட் என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தெரியும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. ஆனால் நான் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு எல்லாருடைய குடும்பமும் சாப்பிட வரும். அன்னைக்கு இது சரியா வரலன்னா கேன்டீனுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்." இருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் நான் அங்கே வந்திருந்தேன். திரும்பிப் போக இடமில்லை. மச்சானுக்கு அது மானப் பிரச்சினை. மாமா என்று சொல்லிக் கூட்டி வந்த ஆளை விரட்டிவிட்டால் அந்த லேத் முன்னால் அவன் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பான்?

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் யாரும் வந்து குறை சொல்ல மாட்டார்கள். டம்ளரை எடுத்துத் தட்டில் தட்டுவார்கள். ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர், அப்புறம் கூடம் முழுக்க. தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓடுவதுபோல் இருக்கும். நான் முதல் தடவை கோஸ் போட்ட அன்றைக்கு அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. காலையிலேயே நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி மூடி வைத்துவிட்டேன். மத்தியானம் திறந்தால் அண்டாவில் பாதி தண்ணீர், அதில் துவண்டுபோய் கோஸ். "அண்ணாத்தே, இன்னா இது, ஆடு துன்னுட்டு மீதி வெச்சதா?" என்று ஒரு வெல்டர் எழுந்து கேட்டான். கூடம் சிரித்தது. மச்சான் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த தடவை உப்பைக் கடைசியில் போட்டேன். ஆனால் தமிழ்நாட்டுக் கை சும்மா இருக்குமா? கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து, சூட்டோடு மேலே கொட்டிவிட்டேன். சுர்ரென்று சத்தம் வந்தது, வாசனை தூக்கியது, நானே மகிழ்ந்துபோனேன். தட்டில் விழும்போது கோஸ் பாதி வெந்திருந்தது. "மாமே, இது பொரியலா, இல்ல பொரியல் பாதி வயில நின்னு பூட்ச்சா?" என்று கேட்டது வெளியாள் இல்லை, மச்சானேதான். டம்ளர்கள் மறுபடியும் தட்டின. தாளிக்காமல் விடு என்று சொல்வது சுலபம். பச்சைக் கோஸுக்கு ஒரு வாடை இருக்கிறது, தாளிப்பு இல்லாமல் அது போகாது. தாளித்தால் கோஸ் சாகிறது, தாளிக்காவிட்டால் சாப்பிடுகிறவன் முகம் சுளிக்கிறான். இதற்கு நடுவில் நான் நின்றேன்.

கோஸைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் விறைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது என் மனைவி. அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு அது தேவையும் இல்லை. குடிதண்ணீர் கூலரிலிருந்து பிடித்து ஊற்றினோம். தலைமுடிபோல் அவள் மெல்லிசாக நறுக்கிய கோஸ் தண்ணீரில் ஊறி வெளியே வந்தபோது, கையிலேயே நறுக்கென்று உடைந்தது. ஆனால் ஈரம் போகவில்லை. துணியில் கட்டிப் பிழிந்தால் நசுங்கியது. பிழியாமல் விட்டால் மேலே ஊற்றுகிற எலுமிச்சைச் சாறு தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்த் தேங்கியது. மச்சான் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மென்றான். "சத்தம் வந்துட்ச்சு மாமே. ருசிதான் வழுக்கிகினு பூடுது. தண்ணிய எடுக்கணும், கோஸ தொடக் கூடாது" என்றான். கோஸைத் தொடாமல் தண்ணீரை எப்படி எடுப்பது என்று கேட்டேன். "மிஷின்ல சுத்தற சாமான்லேர்ந்து எண்ண தெறிச்சி எம் மூஞ்சில அடிக்குதே, தெனமும் அத பாத்துகினுதான கீறேன்" என்றான்.

மண்ணூர்பேட்டையில் அவனுடைய சிநேகிதனின் பட்டறை ஒன்று இருந்தது. வேலை முடிந்து அங்கே போய், எவர்சில்வர் தகட்டை வளைத்து டப்பா செய்து, துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் பிசிறு எடுத்து, பழைய சைக்கிளை அறுத்துச் சக்கரத்தைப் படுக்க வைத்து அதன் மேல் பொருத்தினான். பெடலைச் சுற்றினால் டப்பா பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் சோதனை நடந்தது. தெருவே கூடிவிட்டது. டப்பா நிறையக் கோஸைப் போட்டு, மச்சான் பலம் கொண்ட மட்டும் சுற்றினான். மூடி செய்ய மறந்திருந்தான். கோஸ் கிளம்பியது பாருங்கள்! எதிர் வீட்டுக் கோலத்தில், கொடியில் காய்ந்த துணியில், என் மனைவியின் தலையில். அவள் அசையாமல் நின்றாள். "அக்கா, ஜாதிமல்லி வெச்சா மாறியே கீது" என்றான் மச்சான். அவள் கையிலிருந்த முறத்தாலேயே அவன் முதுகில் வைத்தாள். மூடி போட்ட பிறகும் நிம்மதி இல்லை. கோஸ் ஒரு பக்கமாய்ச் சேர்ந்துகொள்ள, மிஷின் குதித்துக் குதித்துச் சாக்கடை வரைக்கும் போனது. பரவலாகப் போட வேண்டும், முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் தெரிந்தது. கடைசியில் டப்பாவைத் திறந்தபோது கோஸ் உலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், பூப்போல் நின்றது. மச்சான் அதை வாயில் போடவில்லை. ஒரு இழையை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தான். சிரித்தான்.

இதுவரைக்கும் அவன். இதற்கு மேல் நான். இந்த இடத்தை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும். உலர்ந்த கோஸ் வெறும் கோஸ்தான், அதைச் சாலட் ஆக்குவது சாறு. தாளிப்பைச் சூட்டோடு கொட்டினால்தானே கோஸ் சாகிறது? கடலை எண்ணெயில் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து, அந்த எண்ணெயை முழுக்க ஆற வைத்தேன். ஆறின எண்ணெயில் எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத் தூள், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, வெளுத்து வருகிற வரைக்கும் அடித்தேன். தாளித்த வாசனை இருந்தது, சூடு இல்லை. எண்ணெய் குறைவு, புளிப்பு தூக்கல். பந்தி உட்கார்ந்த பிறகுதான் கலக்க வேண்டும், ஒரு நிமிஷம் முன்னாலும் கூடாது. மேலே ஒன்றிரண்டாய் உடைத்த வறுத்த வேர்க்கடலை. தாளித்ததை ஆற வைத்துச் சாறாக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனைவி கேட்டாள், "ஆறிப்போன தாளிப்ப யாராவது ஊத்துவாங்களா?" நான் ஊற்றினேன்.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். குடும்பங்கள் புதுத்துணி போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தன. மேனேஜர் சார் நடுவில் உட்கார்ந்தார். அடுப்படியில் மனைவி டப்பாவைச் சுற்ற, நான் கலக்க, கரண்டி கரண்டியாய் கோஸ் போனது. சாப்பிட ஆரம்பித்தார்கள். கூடத்தில் பேச்சு நின்றது. நான் கதவோரம் நின்று டம்ளர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று மச்சான் சொல்வான், அது பொய். டம்ளர் தட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தம் கேட்டது. நறுக், நறுக், நறுக் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பெரியவர்களும் பிள்ளைகளும் மெல்லுகிற சத்தம். மச்சான் சாப்பிடவே இல்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆடு கதை பேசிய அந்த வெல்டர் கையைத் தூக்கினான்: "அண்ணாத்தே, இன்னும் கொஞ்சம் போட்டுகினு போ!"

மேனேஜர் சார் அடுப்படிக்கே வந்தார். கோஸ் எப்படி ஈரமில்லாமல் இருக்கிறது என்று கேட்டார். டப்பாவைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தார், சிரித்தார், மச்சானைக் கூப்பிட்டார், பூஜை மாலையில் ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். டப்பாவுக்கும் குங்குமம் வைத்தார்கள். கேன்டீன் என் கையில் நிலைத்தது, அதிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. ஆனால் மாலை அவனுக்குப் போனது. நான் கரண்டியோடு நின்றேன். அன்றிலிருந்து எஸ்டேட் முழுக்க அதற்குப் பெயர் 'டர்னர் கோஸ்'. தொண்ணூறுகளில் என் மெஸ்ஸுக்கே வந்து, என்னிடமே, டர்னர் கோஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிப் போட்டேன். வியாபாரம் வேறு, வருத்தம் வேறு.

மச்சான் ரிட்டயர் ஆகி வெகு காலமாகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மண்டபத்துக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, டப்பாவுக்குக் குங்குமம் வைக்கிறான். போன தடவை பூஜைப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பல் போய்விட்டது, பல் செட் கோஸுக்கு ஒத்துழைப்பதில்லை. அவன் தட்டில் நானே சாறு மட்டும் ஒரு கரண்டி ஊற்றினேன். சோற்றில் பிசைந்து சாப்பிட்டான். எதிர் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் கோஸ் மென்றுகொண்டிருந்தார்கள். தலையை அதே மாதிரி ஒரு பக்கம் சாய்த்தான். "சத்தம் சரியா கீது மாமே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு கரண்டி சாறு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினான். பார்த்தீர்களா? கோஸ் இல்லாமலேயே கேட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பலகை வைக்க என் மகள் ஏற்பாடு செய்திருக்கிறாள். 'இதைச் செய்தவர்' என்று அதில் அவள் மாமன் பெயர் மட்டும் இருக்கிறதாம். இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தம் அவனுடையது, அதை எழுதட்டும். நறுக்கியவள் என்று அவள் அம்மா பெயரும் வரட்டும். ருசி என்னுடையது. அதையும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார். மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். என் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டால், அதை அழிக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.