கறுப்பு நாய்க்குப் படைத்த பொங்கல்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். புருஷனும் பெண்டாட்டியும் சம்பாதிக்கிறார்கள், வீட்டு நாய்க்கு ஒரு பிடி சோறு போட மனசில்லை. அச்சரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் வந்த பிறகுதான் இந்தப் பெயர்.

அது கிரேஹவுண்ட். ஓடுவதற்கென்றே பிறந்த சாதி, உடம்பில் கொழுப்பு தங்காது. நன்றாகத் தின்று நன்றாக இருக்கும்போதும் கடைசி இரண்டு விலா எலும்பு லேசாகத் தெரியும். தெரிய வேண்டும். தெரியாவிட்டால்தான் டாக்டர் என்னைத் திட்டுவார். இதைத் தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! "எங்க வூட்டு நாயி பழைய சோறு துன்னுட்டே உருண்டையா கீதேம்மா" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உண்மையில் அதைப் பட்டினி போட்டவர்கள் வேறு. கடப்பாக்கம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு பங்களாவுக்குச் சனி ஞாயிறு மட்டும் வந்துபோனவர்கள். படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று வாங்கினார்களாம். பங்களாவை விற்றபோது சோபா, ஊஞ்சல், ஏசி எல்லாம் லாரியில் ஏறின. நாய் தூணில் கட்டியபடியே நின்றது. பங்களாவை வாங்கியவர் என் கணவருக்குத் தெரிந்தவர், அவர் போன் செய்ததால் போய் அழைத்துவந்தோம். சிமெண்டுத் தரையில் கிடந்து கிடந்து இடுப்பிலும் முழங்கையிலும் புண். பல் பாதி சொத்தை. அந்த மகராசர்களைப் பற்றி எங்கள் தெரு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதன் தோல் காகிதம் மாதிரி, முள் உரசினாலே கிழியும். படுக்க இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டேன். வெயில் ஏறுவதற்குள் நடக்கக் கூட்டிப்போவேன், அதுவும் வாரோடு. ஓர் ஆடு ஓடினால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நிற்கும். வேகவைத்த கோழி, சோறு, பூசணிக்காய் என்று அளவாகப் போட்டு, தின்றதும் ஓடாமல் பார்த்துக்கொள்வேன். தினமும் பல் தேய்த்துவிடுவேன். அதற்கும் சிரித்தார்கள். "நாய்க்குப் பல்லு வெளக்குறா, சோறு போட மாட்டேன்றா" என்று என் காதுபடவே பேசினார்கள். யாரோ அதன் விலாவைப் படமெடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட, வாயில்லா ஜீவனுக்காக வரிசையாக அழுமூஞ்சிகள் வந்து விழுந்தன. வயிறு எரிந்தது எனக்கு.

அப்புறம் ஒரு தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு நாய்தான் வாகனம். அன்றைக்குக் கறுப்பு நாய்க்குப் படைத்தால் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். எங்கள் நாய் மூக்கு முதல் வால் வரை கறுப்பு. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. வாந்தியில் உப்பிப்போன உலர்திராட்சை. கேட்டின் அடியில் நக்கித் துடைத்த வாழையிலை. நாய்க்குத் திராட்சை விஷம், நேராகச் சிறுநீரகத்தில் கை வைக்கும்.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் போய்வருகிறார்.

"கோயில் சக்கரைப் பொங்கல் நாந்தாம்மா போட்டேன். அவரு ஒடம்பு தேறணும்னு வேண்டிக்கினேன். பாவம், எம்மாம் பசி அதுக்கு."

"திராட்சை நாயோட கிட்னியக் கெடுத்துடும்கா. கிட்னி போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அக்கா முகம் வெளுத்துப்போயிற்று. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

செங்கல்பட்டில் நாய் டாக்டர் உடனே டிரிப்ஸ் ஏற்றினார். சிறுநீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் பிழைக்கும், நின்றுவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். நாயை அங்கேயே விட்டுவைக்க வேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில் முயலோடு உட்கார்ந்திருந்த ஆள், நாய்க்குச் சாப்பாடு போடுவதில்லையா மேடம் என்று விசாரித்தார். அவரை நான் பார்த்த பார்வையில் முயல்கூட மிரண்டிருக்கும்.

அடுத்தடுத்த நாட்களில் நாயைப் பார்க்கப் போக நான் ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம் அக்கா எங்கள் கேட் அருகே நின்றார். தெருவில் மற்றவர்கள் நாய் செத்துவிட்டதா என்று கேட்டார்கள். அக்கா மட்டும், "ஒண்ணுக்குப் போச்சாம்மா?" என்று கேட்டார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். புண்ணியம் தேட என் நாய்தானா கிடைத்தது?

கடைசியில் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. டாக்டரின் மேசைக் காலிலேயே தாராளமாக ஒண்ணுக்கு இருந்துவிட்டு, என்னோடு ஆட்டோவில் ஏறியது நாய். வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா வந்து நின்றார். கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆனாலும் சொன்னேன், சிறுநீர் ஒழுங்காகப் போகிறது, கிட்னி தப்பித்தது என்று. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம் நாயின் விலாவைப் பார்த்தார்.

"இன்னும் எளைச்சிட்டுதேம்மா. அவருக்கு உப்பில்லாம தனியா வடிச்ச சோறு கீது. அதுல ஒரு கை வைக்கட்டா?"

இத்தனைக்குப் பிறகும் சோறு! ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. நாயை உள்ளே தள்ளிக் கேட்டைப் பூட்டினேன்.

"வேணாம்கா. அவருக்குப் போடுங்க."

"அவருக்கு எறங்க மாட்டேங்குதும்மா," என்றார் அக்கா. "ரெண்டு நாளா வடிக்கிற சோறு அப்டியே கீது."

நான் பூட்டைத் திறக்கவில்லை. உள்ளே போகவும் முடியவில்லை.